காட்டுப்பாக்கம்: நகர விளிம்பில் சூழல் குறித்த பொது விவாதம்

காட்டுப்பாக்கம் சென்னைக்கு மேற்கே, மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையில் உள்ள புறநகர்ப் பகுதி. திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி வட்டத்தைச் சேர்ந்தது. பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியத்தின் கிராம ஊராட்சியாக நிர்வகிக்கப்பட்டு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பொத்தேரிக்கு அருகே இதே பெயரில் இன்னோர் ஊர் உண்டு. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தால் பெயர் தெரிந்த அந்தக் காட்டுப்பாக்கம் வேறு. இங்கே பேசப்படும் ஊர் பெயரில் மட்டும் காட்டை வைத்துக்கொண்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மனைப்பிரிவுகளும் தலைக்குமேல் ஓடும் மெட்ரோ ரயில் பாதையுமாக மாறிவிட்ட ஊர். வெள்ளம், குடிநீர், கழிவுநீர், குப்பை, ஏரி ஆக்கிரமிப்பு, சாலை என்று நகரத்தின் எல்லாத் தொல்லைகளும் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றைப் பேசித் தீர்ப்பதற்கான அமைப்பு மட்டும் கிராமத்துக்கு உரியதாகவே இருந்தது. பொது விவாதம் என்று இக்கட்டுரை குறிப்பது கிராமசபை, பகுதிசபை, சட்டப்படியான கருத்துக்கேட்பு, முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்லும் காலம், நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் நடக்கும் வாதம், சாலை மறியல் ஆகிய அனைத்தையும். மறியலை இந்தப் பட்டியலில் சேர்ப்பது சிலருக்கு உறுத்தலாம். மற்ற கதவுகள் திறக்காதபோது கடைசியாகத் தட்டப்படும் கதவு அது என்பதால் விட முடியவில்லை. இத்தகைய புறநகர்களில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பேசும் சபையின் எல்லை ஒன்றாகவும் பிரச்சினையின் எல்லை வேறொன்றாகவும் இருப்பதும், பேசும் வாய்ப்பு முடிவெடுத்த பிறகு வருவதுமே இங்குள்ள குறை என்பதைக் கிடைக்கும் சான்றுகள் காட்டுகின்றன.

ஒரே சாலை, மூன்று மாவட்டம்

போரூர் சந்திப்பிலிருந்து குமணன்சாவடி வரை ஐந்தாறு கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று மாவட்டங்கள் வந்துவிடுகின்றன. போரூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வளசரவாக்கம் மண்டலத்தில் வருகிறது. 2018-ல் சென்னை வருவாய் மாவட்டத்துக்குள்ளும் வந்தது. அடுத்துள்ள ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம். அதைத் தாண்டினால் காட்டுப்பாக்கம், திருவள்ளூர் மாவட்டம். குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லி நகராட்சி. சற்றே தெற்கில் திரும்பினால், 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியான மாங்காடு, அது மீண்டும் காஞ்சிபுரம். 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைத் திருவள்ளூர், காஞ்சிபுரம் என இரண்டாகப் பிரித்தபோது போட்ட கோடு வயல்களுக்கு இடையே போட்ட கோடு. இன்று அதன் இருபுறமும் வீடுகள். கோட்டின் ஒரு பக்கம் பெய்த மழை மறுபக்கத்துக்கு ஓட எந்த ஆட்சியரின் கையெழுத்தும் தேவையில்லை. அதை வடியவைக்கும் கால்வாய்க்கு மட்டும் இரண்டு ஆட்சியர்களின் கோப்பு நகர வேண்டும்.

துறைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, தெரு ஊராட்சியுடையது. ஏரியும் அதன் கால்வாயும் நீர்வளத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ இருக்கும். சிறிய வீட்டுக்கு உள்ளாட்சி அனுமதி போதும், பெரிய கட்டடத்துக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. வேண்டும். கழிவுநீர் வழிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சாலை நடுவில் தூண் எழுந்தால் மெட்ரோ நிறுவனம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஒருவர் இவர்களில் யாரிடம் கேட்பது என்பதே ஒரு விவாதம். பெரும்பாலான கூட்டங்களின் நேரம் அதில்தான் கழிகிறது.

இதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு வீட்டு வாசல்படி போதும். புறநகரின் பழைய தெருக்களில் முப்பது வருடத்துக்கு முந்தைய வீட்டுக்குச் சாலையிலிருந்து மூன்று படி ஏறிப் போவார்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் ஊற்றப்பட, முதல் படி மறையும், பிறகு இரண்டாவது. கடைசியில் சாலையிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டிவரும். மழைநீரும் அதே வழியில் இறங்கும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். சாலையின் உயரம் எத்தனை அங்குலம் என்பதைச் சொல்ல மாநிலத்தின் தலைமைச் செயலாளர் வேண்டியிருந்தது என்றால், அந்தத் தெருவில் இருப்பவர்கள் சொன்னது இத்தனை காலம் எங்கும் பதிவாகவில்லை என்று பொருள். வசதி இருப்பவர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். இல்லாதவர் வாசலில் ஓரடிச் சுவர் எழுப்புகிறார். அந்தச் சுவர் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது.

ஏரிகளின் வரைபடம்

பாக்கம் என்று முடியும் ஊர்கள் பழைய செங்கல்பட்டுச் சீமை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. செம்பரம்பாக்கம், அயனம்பாக்கம், கொளப்பாக்கம், மணப்பாக்கம், குத்தம்பாக்கம் எனப் பலவற்றுக்கு ஏரியோ தாங்கலோ அடையாளம். இந்த ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குட்டைகளாக இருந்ததில்லை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே மிகைநீர் வழிந்து, கால்வாயில் ஓடிக் கீழ் ஏரிக்கு வரத்தாகும். வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் ஓட, நடுவில் உள்ள இந்த நிலத்தின் வாட்டம் பொதுவாகக் கிழக்கு நோக்கியது. ஏரியை மட்டும் காப்பாற்றி வரத்துக்கால்வாயை மனைப்பிரிவுக்குச் சாலையாக விட்டுவிட்டால், ஏரி வறண்டு கிடக்கும், ஊர் மூழ்கும். மேற்குப் புறநகரில் நடப்பது பல இடங்களில் இதுதான்.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, செம்பரம்பாக்கத்திலும் ஏறக்குறைய அதே அளவு. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் 24 அடி உயரமும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. ஏரியின் நீர்வரத்தைச் சரியாகக் கையாளாததால் நேர்ந்த, மனிதரால் விளைந்த பேரிடர் என்று சொன்ன இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்துக்கு வந்தது. அதாவது, விவாதத்துக்கான முதன்மையான ஆவணம் வெள்ளம் வடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் கழித்தே பொதுமக்கள் கைக்குக் கிடைத்தது. அதே 2015-ன் நடுவில், போரூர் ஏரிக்குள் பொதுப்பணித் துறை ஒரு கரையை எழுப்பத் தொடங்கியபோது ஏரி சுருங்கிவிடும் என்று சுற்றுவட்டார மக்களும் அரசியல் கட்சிகளும் போராடினார்கள். ஏரிப் பரப்புக்குள் பட்டா நிலம் எப்படி வந்தது என்ற கேள்வியே அந்தச் சண்டையின் அடியில் இருந்தது. ஏரி யாருடையது என்ற விவாதம் வேலை தொடங்கி, மண் லாரிகள் வந்த பிறகே நடந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2014 ஜூன் 28 அன்று, போரூர் ஏரிக்குப் பக்கத்திலுள்ள மவுலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள். அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. விசாரணை ஆணையம், நீதிமன்றம், சட்டமன்றம் எல்லா இடத்திலும் அது பேசப்பட்டது. கட்டுவதற்கு முன்பு, அந்த மண்ணில் அத்தனை மாடி எழலாமா என்று பேசுவதற்கு மவுலிவாக்கம் மக்களுக்கு ஒரு மேடையும் இருக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சூழல் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் கட்டடங்களையும் குடியிருப்பு நகரியங்களையும் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் முப்பது நாள் முன்னறிவிப்போடு பந்தல் போட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு புறநகரின் நீரோட்டத்தையும் நிலத்தடி நீரையும் மற்ற எதையும்விட அதிகமாக மாற்றுகிற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அது தேவையில்லை. ரயில் பாதைகள் அந்தப் பட்டியலிலேயே இல்லாததால் மெட்ரோவுக்கும் இல்லை. சட்டம் ஆலை நிறைந்த ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டது. காட்டுப்பாக்கத்தை மாற்றியது மனை வியாபாரம். சூழல் சட்டத்தின் விவாத மேடை இந்த ஊர்ப்பக்கம் வராமலே போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

சபை கூடும் விதம்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராமசபையை உருவாக்கியது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று வருடத்துக்கு நான்கு கூட்டம். பின்னர் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாயின. பின்னால் வந்த இரண்டும் விடுமுறை நாட்கள் இல்லை. கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊராட்சியில் 300 பேர் வந்தால் கூட்டத்துக்குக் குறைவெண் நிறைந்துவிடும். ஷாமியானாவுக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது. பிறகு வரவு செலவு வாசிப்பு, அதன் பிறகு மாநிலம் முழுமைக்கும் ஊரக வளர்ச்சித் துறை அனுப்பிய கூட்டப்பொருள். நாற்று நட ஒரு சென்ட் நிலமும் மிஞ்சாத ஊராட்சியிலும் நூறு நாள் வேலைத் திட்டத்தின் முன்னேற்றம் படிக்கப்படும். மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர் லாரியும் 'இதர' என்ற கடைசிப் பொருளுக்குக் காத்திருக்கும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

தீர்மானம் போட்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். ஊராட்சி தன் கைக்குள் உள்ளதை, அதாவது தெருவிளக்கையும் குப்பை வண்டியையும், தீர்மானத்தின்படி செய்யலாம். ஏரியைத் தூர்வாரச் சொல்லும் தீர்மானமோ, குறிப்பிட்ட மனைப்பிரிவுக்கு அனுமதி தரக் கூடாது என்ற தீர்மானமோ மேலே உள்ள துறைக்குப் போகும் வேண்டுகோள்தான். இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தத் துறையைக் கட்டாயப்படுத்த வழியில்லை. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராமசபை 2022 ஆகஸ்ட் முதல் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியது. திட்டம் தன் வழியில் நகர்ந்தது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் 12 கிராமசபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தபோது சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சபையின் சொல்லுக்குப் பின்னால் நின்றன. காட்டு மக்களுக்குக் கிடைத்த அந்தப் பலம் காட்டுப்பாக்கம் போன்ற ஊர்களுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

சபையைக் கூட்டத் தலைவரே இல்லாத காலமும் உண்டு. ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் வழக்கில் சிக்கியது. திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட மூன்று வருடமும் தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில்தான் 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட அந்த ஜூலையில், மாங்காடு, கோவூர், தரப்பாக்கம் வட்டாரத்து விவசாயக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் டேங்கர் லாரிகள் நிரம்பிப் போயின. நிலத்தடி நீரை விற்கலாமா, எத்தனை லாரி போகலாம், எத்தனை அடிக்குக் கீழே போகக் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்ய வேண்டிய தருணம் அது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் 1987 முதலே இருக்கிறது. மாநிலம் முழுமைக்குமான 2003 சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-ல் நீக்கப்பட்டது. லாரியை நிறுத்தியவர்கள் சாலையில் உட்கார்ந்த ஊர்க்காரர்கள்தான். 2020 ஜனவரியில் பொறுப்பேற்ற தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

பூந்தமல்லி ஒன்றியத்திலேயே வேறுவிதமான அனுபவமும் உண்டு. 1996-ல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி கிராமசபையை ஊரின் உண்மையான முடிவெடுக்கும் இடமாக்க முயன்றதற்காக நாடு முழுதும் அறியப்பட்டார். பின்னாளில் சென்னை மாநகராட்சியின் குப்பையைக் கையாளும் வளாகத்தை அந்த ஊரின் மேய்க்கால் நிலத்தில் அமைக்கத் திட்டம் வந்தபோது, அந்த இடம் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பிடிப்போடு தொடர்புடையது என்று ஊர் எதிர்த்தது, வழக்கும் நடந்தது. அந்த வாதத்தின் பலம் அது தன் ஊரைத் தாண்டியதில் இருந்தது. எங்கள் ஊரில் குப்பை வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் வேறெங்கே கொட்டுவது என்ற கேள்வியோடு முடிந்திருக்கும். சென்னை குடிக்கும் தண்ணீரில் சென்னையின் குப்பை கலக்கலாமா என்று கேட்டபோது நகரமும் அதைக் கேட்க வேண்டியதாயிற்று. நீரின் எல்லையைத் தன் எல்லையாகக் கொண்ட விவாதம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் நல்ல உதாரணம் இது.

ஆட்சேபங்களும் மறுமொழியும்

பொது விவாதத்தின் மீது சொல்லப்படும் குறைகளில் எளிதானது, மக்கள் வர மாட்டார்கள் என்பது. வந்ததால் ஏதோ நடந்தது என்று தெரிந்த இடங்களில் வந்திருக்கிறார்கள். மும்பையின் 2034 வளர்ச்சித் திட்ட வரைவு 2015 பிப்ரவரியில் வெளியானதும் பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்து, இரண்டே மாதத்தில் வரைவே திரும்பப் பெறப்பட்டது. ஒன்றிய அரசின் 2020 சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்குப் பொதுமுடக்கத்தின் நடுவிலும் லட்சக்கணக்கில் கருத்துகள் போயின. அந்த வரைவை அட்டவணை மொழிகளில் பெயர்த்து வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பது, வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கும் விடை. நில வகைப்பாட்டை மாற்றும் விண்ணப்பம் குறித்த விளம்பரம் நாளிதழின் மூலையில் சர்வே எண்களோடு வரும். தன் தெருமுனையில் உள்ள காலிமனைதான் அந்த எண் என்று அறிந்துகொள்ள வருவாய்த் துறை வரைபடம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம், வெள்ளமும் கழிவுநீரும் பொறியாளர்களின் வேலை, கூட்டத்தில் கைதூக்கித் தீர்மானிப்பது அல்ல என்பது. கால்வாயின் அகலத்தைக் கணக்குப் போடுவது பொறியாளர் வேலைதான், அதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் எந்த மதகு பத்து வருடமாகத் திறக்கவில்லை, எந்தக் குழாய்ப்பாலம் மண்மூடிக் கிடக்கிறது, தண்ணீர் முதலில் எந்தத் தெருவில் ஏறுகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நிபுணர் சொன்னதும் பொதுவெளிக்கு வர வேண்டும். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின், ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் சென்னைப் பெருநகர வெள்ள மேலாண்மைக்கான குழு அமைந்தது. 2023-ல் முதலமைச்சரிடம் இறுதி அறிக்கை தந்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்தபோது, அறிக்கையை வெளியிடுங்கள் என்ற குரல் எழுந்தது. நிபுணரை நம்பு என்று சொல்கிறவர்கள் முதலில் நிபுணர் என்ன சொன்னார் என்று காட்ட வேண்டும்.

விவாதித்தால் திட்டங்கள் தாமதமாகும் என்ற மூன்றாவது ஆட்சேபத்தை மெட்ரோவே மறுக்கிறது. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் ஓடும் நான்காம் வழித்தடத்தில் காட்டுப்பாக்கம் ஒரு நிலையம். அது அடங்கிய இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபர் 3 அன்று. இடையிலான நான்கு வருட இழுபறி ஒன்றியமும் மாநிலமும் நிதியைப் பங்கிடுவதில் வந்தது. ஐயப்பன்தாங்கலில் யாரோ எழுந்து கேள்வி கேட்டதால் வந்தது இல்லை. அந்த வருடங்களில் தூண் வேலை நடந்த சாலையோரத்தில் மழைநீர் எங்கே போகும் என்று ஒருமுறை உட்கார்ந்து பேசியிருக்க நேரம் தாராளமாக இருந்தது.

மிகக் கனமான ஆட்சேபம் வேறு. ஏரியைக் காப்பாற்று என்ற குரல் பெரும்பாலும் பட்டா வீட்டிலிருந்து எழுகிறது. அதன் விளைவு ஏரிக்கரைக் குடிசையின் மேல் விழுகிறது. நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பையும், ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் 2007 சட்டத்தையும் அடுத்து எத்தனையோ இடங்களில் அளவீடு நடந்தது. திருவேற்காட்டுக் கோலடி ஏரியில் 2024-ல் வீடுகளுக்கு அறிவிப்பு ஒட்டப்பட்டபோது, மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் வைத்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. சூழல் விவாதத்தில் யார் பேசுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் அது ஏழைகளை அப்புறப்படுத்தும் கருவியாகிவிடும். ஆனால் இதற்கு மருந்து விவாதத்தைக் குறைப்பது இல்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போடும்வரை, ஏரிக்கால் நிலத்தை அளந்து விற்றவரும் பதிவு செய்த அலுவலகமும் எந்தச் சபையிலும் பதில் சொன்னதில்லை. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் வாங்கியவரிடம் கட்டணம் வசூலித்தது. விவாதம் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மட்டும் நடப்பதால் கடைசியில் இருப்பவர் தலையில் விடிகிறது. மனைப்பிரிவு வரைபடம் ஒப்புதலுக்கு வரும்போதே ஊர் அதைப் பார்த்திருந்தால், கோலடியில் அந்த வீட்டைக் கட்டியவருக்கு வேறொரு மனை வாங்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும்.

மாநகராட்சியோடு இணைந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் இந்தப் பகுதியில் வலுவாக இருக்கிறது. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் புறநகர் ஊராட்சிகளை நகர அமைப்புகளோடு சேர்க்கும் அறிவிப்புகள் வந்தபோது, சாக்கடைத் திட்டம் வரும் என்று வரவேற்றவர்களும் வரி ஏறும் என்று எதிர்த்தவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். இணைப்பால் நிதி வரும், பொறியாளர்கள் வருவார்கள். அது மறுக்க முடியாத நன்மை. ஆனால் போரூரும் முகலிவாக்கமும் மணப்பாக்கமும் 2011-லேயே இணைந்தவை. 2015-லும் 2021-லும் அவையும் மூழ்கின. தண்ணீர் வரும் மேற்குப் பக்கம் அப்போதும் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. இணைப்பின்போது இன்னொன்றும் போகிறது. சென்னை மாநகராட்சியில் 2011 கணக்குப்படி ஒரு வார்டுக்குச் சராசரியாக 33,000 பேர். ஊராட்சியில் எல்லா வாக்காளரும் உறுப்பினராக இருந்த கிராமசபை மறைந்து, அதனிடத்தில் பகுதிசபை வருகிறது. அதற்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. முதல் கூட்டங்கள் அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். வார்டு உறுப்பினரின் நிழலில் கூடும் அந்தச் சபைக்குக் கிராமசபைக்கு உள்ள அளவு தனி அதிகாரம் இல்லை.

நீரின் எல்லையில் ஒரு சபை

அரசியல் எல்லைக்குப் பதில் நீரின் எல்லையை வைத்துச் சபை கூட்டுவது புதுக் கற்பனை இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஏரி வாரியம் என்ற தனிக் குழுவைச் சொல்கின்றன. அதைப் பொற்காலமாகக் காட்டுவது தமிழ் மேடைகளின் பழக்கம். குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதி நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே இருந்தது என்பதை அந்த மேடைகள் சொல்வதில்லை. ஆயினும் ஏரிக்கென்று ஒரு குழு, அதற்கென்று கணக்கு, பொறுப்பு என்ற ஏற்பாடு கவனிக்கத் தக்கது. நம் காலத்துக்கு வந்தால், பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்வதற்கான தமிழ்நாட்டுச் சட்டம், 2000 இருக்கிறது. அது நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் எல்லையை ஊராட்சி எல்லையாக வைக்கவில்லை. ஆயக்கட்டின் எல்லையாக, அதாவது அந்த ஏரியோ கால்வாயோ பாயும் நிலத்தின் எல்லையாக வைத்தது. வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு நீரின் எல்லை சரி என்று ஒப்புக்கொண்ட அரசு, அதே ஏரியின் ஆயக்கட்டு வீடுகளாகிவிட்ட பிறகு அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டது. நெல் இருந்தவரை ஏரிக்கு ஒரு சபை இருந்தது. மனிதர்கள் குடிவந்ததும் இல்லை. சட்டத்தை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது, உண்மைதான். விவசாயிக்கு ஏரியில் தண்ணீர் வேண்டும், குடியிருப்பவருக்கு அது வடிய வேண்டும். அந்த முரண்பாட்டையும் ஒரே கூடத்தில் பேசலாம் என்பதே இந்த எல்லையின் பயன். ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், மாங்காடு, போரூர் ஆகியவற்றின் பிரதிநிதிகள் ஒவ்வோர் ஆகஸ்டிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நீர்வளத் துறையின் பொறியாளரோடு உட்கார்ந்து கால்வாய் கால்வாயாகப் பேசவும், கேட்டதற்கு எழுத்தில் பதில் பெறவும் ஏற்பாடு இருந்தால், மூன்று ஆட்சியர்களின் கோப்புகள் ஒரே மேசைக்கு வரும்.

அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத நிலையில், அடுத்து வரும் பெரிய வாய்ப்பு மூன்றாம் முழுமைத் திட்டம். 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. மூன்றாவது, 2046 வரையிலானது. நகர ஊரமைப்புச் சட்டம், 1971 வரைவுக்கு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது. மெட்ரோ நிலையத்தைச் சுற்றி எத்தனை மாடி எழலாம், எந்த சர்வே எண் இனி வணிகப் பகுதி, எந்தக் கால்வாய்க்கு எத்தனை மீட்டர் விட்டுக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் வண்ணங்களாக வரும். காட்டுப்பாக்கத்திலிருந்து ஆட்சேபம் போக வேண்டுமானால் யாரோ ஒருவர் அந்த வண்ணத்தையும் ஊரின் புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இது இன்ன தெரு, இது இன்ன கால்வாய் என்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் புலப்படம் இருக்கிறது, அலமாரிக்குள்.